மலைக்கு அந்தப் பக்கமும் நம்ம சனம்தான்

இரண்டு இதழுக்கு முன்னால் இந்தப் பகுதியில் ஒரு பதிலின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்கிற மக்களின் பேச்சு, பாட்டு, சாமி, சாப்பாடு எல்லாவற்றையும் படிக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எல்லைப் பண்பாட்டுக்கென்று ஒரு ஆய்வு நிறுவனம் வேண்டும், அதற்கு மாநில அரசு நிரந்தரமாகப் பணம் தர வேண்டும் என்று. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை பதில் எல்லாம் அதற்குத்தான். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கிற ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் மாதா மாதம் பணம் போடவே தள்ளாடுகிற பல்கலைக்கழகங்களைப் பார்க்கிறோம். இதில் புதுசாக ஒரு நிறுவனமா? முதலில் ஒழுகுகிற கூரையை அடைக்கட்டும் சார்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி

ஐயா, கூரை ஒழுகுவது உண்மைதான். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவும் அரசு மானியம் போக மீதியைத் தேர்வுக் கட்டணம், கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி என்று தாங்களே தேடிக்கொண்டு ஓடியவை. அஞ்சல் வழியில் படிக்கிறவர்கள் குறைந்ததும் அந்த வருமானம் சுருங்கிவிட்டது, ஓய்வு பெற்றவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் இந்த நிறுவனத்தைப் பல்கலைக்கழகத்தின் பையில் கட்டிவிடக் கூடாது, அரசுதான் தர வேண்டும் என்கிறேன்.

சரி, எவ்வளவு தர வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரசு 5 கோடி ரூபாயை ஒரே தவணையில் வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியில் நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 35 லட்சம். ஒரு உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், அதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்ந்தால் மாதம் ஒரு லட்சத்தைத் தொடும். இரண்டு பேர் என்றால் வருடத்துக்கு 24 லட்சம் போய்விட்டது. மீதி 11 லட்சத்தில், பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் தருகிற 37,000 ரூபாயை இரண்டு ஆய்வு மாணவர்களுக்குக் கொடுத்தால் கிட்டத்தட்ட 9 லட்சம். கையில் நிற்பது 2 லட்சம். அதற்குள் ஒலிப்பதிவுக் கருவி, ஹார்ட் டிஸ்க், மலைக்குப் போக ஜீப் வாடகை, பாடுகிறவருக்கு ஒரு நாள் கூலியாவது கொடுக்க வேண்டும் அல்லவா, அது, எல்லாம் முடிய வேண்டும்.

முதல் வருடம் இழுத்துப் பிடித்து ஓட்டிவிடலாம் ஐயா. ஆனால் சம்பளம் வருடா வருடம் 3 சதவீதம் ஏறும், அகவிலைப்படி தனியாக ஏறும், வைப்பு நிதி வட்டி அப்படி ஏறாது. ஏழெட்டு வருடத்தில் பேராசிரியர் சம்பளம் போக ஒன்றும் மிஞ்சாது, ஆய்வு மாணவர் இடம் காலியாகவே கிடக்கும், அப்புறம் வாசலில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கும். ஒருவர் பெயரில் வைப்பு நிதி போட்டு வட்டியில் நடத்துகிற பேராசிரியர் பதவிகள், அதாவது அறக்கட்டளை இருக்கைகள், பலவற்றுக்கு நடந்தது இதுதான். எனவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, அரசு அனுமதித்த நிரந்தரப் பணியிடங்கள், அந்தச் சம்பளம் உயர்கல்வித் துறையின் பட்ஜெட்டிலேயே வர வேண்டும். இரண்டு, வைப்பு நிதி வட்டி முழுவதும் களப்பணிக்கும் ஆவணக் காப்புக்கும் மட்டும். புதுக் கட்டடம் வேண்டவே வேண்டாம். வளாகத்தில் இருக்கிற அறையில் நான்கைச் சுத்தம் பண்ணி, ஒன்றுக்குக் குளிரூட்டி போட்டால் ஒலிநாடாக்களை வைக்கப் போதும்.

கட்டடத்துக்குப் பணம் வாங்குவது சுலபம். திறப்பு விழா இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. ஒரு ஆய்வு மாணவி மூன்று வருடம் மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் தங்கிப் பேச்சு வழக்கைப் பதிவு பண்ணுவதற்குத் திறப்பு விழா கிடையாது. அந்த மூன்று வருடத்துக்குத்தான் பணம் கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லைப் பண்பாடு என்கிறீர்கள், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படிக்க அதில் அப்படி என்ன இருக்கிறது ஐயா? எங்கள் ஊரில் ஏலக்காய்தான் இருக்கிறது.
— கல்லூரி மாணவி, போடிநாயக்கனூர்

ஏலக்காயிலிருந்தே ஆரம்பிப்போம்மா.

விடிகாலை நாலரை மணிக்குக் கம்பத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? வரிசையாக ஜீப்புகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மடியில் தூக்குவாளி, தலையில் கட்டிய துண்டு, அட்டை கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் ஒரு சுருக்குப் பையில். கம்பம்மெட்டு ஏறி ஏழு மணிக்குள் நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டத்தில் இறங்க வேண்டும், சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். ஒரே நாளில் இரண்டு தடவை மாநில எல்லையைத் தாண்டுகிறவர்கள். ஒருமுறை அந்த ஜீப்பில் நானும் ஏறிப் போனேன். மேலே ஏற ஏற அவர்கள் பேச்சு மாறுவதைக் காதால் கேட்கலாம். கீழே 'வேலைக்குப் போறோம்' என்றவர், செக்போஸ்ட் தாண்டி மேஸ்திரியிடம் போனில் பேசும்போது 'பணிக்கு வந்துட்டோம்' என்றார், மலையாளத்தில் வேலைக்குப் பணி. தோட்ட வீட்டு வரிசைக்கு லயம் என்கிறார்கள், மலையாளத்திலும் அதே லயம்தான். வெள்ளைக்காரன் 'லைன்' என்றதை இரண்டு மொழிக்காரர்களும் அவரவர் நாக்குக்குத் தகுந்தபடி மென்று ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். இப்படி எத்தனை சொல் இருக்கும்? அவற்றைத் தொகுத்து முடித்த அகராதி என் கண்ணில் இதுவரை பட்டதில்லை.

இன்னும் கொஞ்சம் மேலே போனால் மன்னான் என்கிற பழங்குடி மக்கள். இடுக்கி மாவட்டத்தில் கட்டப்பனைக்குப் பக்கத்தில் கோவில்மலையில் அவர்களுக்கு இன்றும் ஒரு அரசர் இருக்கிறார். மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அவர்களுடைய கூத்து எந்தக் கதை தெரியுமா? கோவலன் கண்ணகி கதை. மூணாறு மலையில் இருக்கிற முதுவான்களும் மதுரையைத்தான் சொல்கிறார்கள். மீனாட்சியை முதுகில் சுமந்து வந்தவர்கள் என்று ஒரு கதை, பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறியதால் முதுவான் என்று இன்னொரு கதை. கோட்டயம் மாவட்டம் பூஞ்ஞாறில் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்ளும் அரச குடும்பமும் அங்கே ஒரு மீனாட்சி கோயிலும் இருக்கின்றன. கேரளத்தில் ஒரு செண்டை மேளத்துக்குப் பெயரே பாண்டி மேளம்.

அங்கிருந்து இங்கே வந்தவரும் உண்டு. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிடாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியை எடுத்துப் போக வந்தார்கள், அவர்களைக் கொன்று படிக்கட்டுக்குக் கீழே புதைத்தார்கள், கூட வந்த கருப்பு மட்டும் அழகரின் அழகில் மயங்கிக் காவலாக நின்றுவிட்டார் என்பது கதை. நம் வாசல் காவல் தெய்வமே மலை தாண்டி வந்தவர்! இதையெல்லாம் ஆய்வாக எழுதியவர் தொ. பரமசிவன். அது இதே மதுரைப் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வு, 1989-இல் பல்கலைக்கழகமே புத்தகமாகப் போட்டது. ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு நேரமும் இடமும் கொடுத்தால் என்ன வரும் என்பதற்கு அந்தப் புத்தகம் ஒன்று போதும். இன்றைக்கும் விற்கிறது, படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

உன் ஊரில் ஏலக்காய்தான் இருக்கிறது என்றாயே, போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிற ஏலத்தில் விவசாயி, தரகர், வியாபாரி மூன்று பேரும் எந்த மொழியில் பேசுகிறார்கள், விலை பேசும்போது எந்த மொழிக்கு மாறுகிறார்கள் என்று ஒரு மாதம் போய்க் குறித்துக்கொண்டு வா. முதுகலை ஆய்வேட்டுக்கு அது தாராளம்.

இதைக் கிளப்பினால் பழைய எல்லைச் சண்டையும் முல்லைப் பெரியாறும் திரும்பக் கிளம்பாதா? உங்களுக்கு ஏன் இந்த வேலை?
— விவசாயி, கூடலூர் (தேனி மாவட்டம்)

அண்ணே, உங்கள் வயலுக்கு வருகிற தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை எழுதி, 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த அணை அது. நிலம் அவர்களிடம், பராமரிப்பு நம்மிடம். அந்த வழக்கை எந்தப் பல்கலைக்கழகமும் தீர்க்கப் போவதில்லை, தீர்ப்பதாகச் சொல்லவும் கூடாது.

ஆனால் 1956 நவம்பர் 1-இல் கோடு போட்டபோது என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாவும் செங்கோட்டையும் நமக்கு வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றன. அதற்கு முன்னால் ஒரே குடும்பமாக இருந்தவர்கள் அடுத்த நாள் இரண்டு மாநிலக்காரர்கள் ஆனார்கள். அன்றைக்கு இருபது வயதில் இருந்தவருக்கு இன்றைக்குத் தொண்ணூறு. எல்லைப் போராட்டத்தில் நின்றவர்களுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது, நல்ல காரியம். அவர்கள் வாயால் அந்த நாட்களைச் சொல்லக் கேட்டு முறையாகப் பதிவு பண்ணி வைப்பதற்கும் அதே அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கலாம். பதிவு இல்லாத இடத்தில்தான் ஆளுக்கு ஒரு கதை கட்டிச் சண்டை வளர்க்க முடிகிறது.

சேர்ந்து வேலை செய்வது நடக்காத காரியமும் இல்லை. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். நம் ஆட்கள் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறார்கள், குமுளியிலிருந்து ஜீப்பில் வருகிறார்கள். கோயில் யாருக்கு என்ற தகராறு தீரவில்லை, ஆனாலும் வருடா வருடம் தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் உட்கார்ந்து பேசித்தான் அந்த ஒரு நாள் திருவிழாவை நடத்துகிறார்கள். ஒரு நாளைக்கு முடிகிறது என்றால் வருடம் முழுவதும் இரண்டு பக்கத்து மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கவும் முடியும்.

போரில் ஒருவரை ஒருவர் அழித்த ஜெர்மனியும் போலந்தும் இன்றைக்கு அதைச் செய்கின்றன. ஓடர் ஆற்றங்கரையில் ஃபிராங்க்ஃபர்ட் என்று ஒரு ஊர் (பெரிய ஃபிராங்க்ஃபர்ட் வேறு), 1991-இல் அங்கே வியாட்ரினா என்ற பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். பாலம் தாண்டினால் போலந்தின் ஸ்லூபிட்ஸே. அந்தக் கரையில் போஸ்னான் பல்கலைக்கழகமும் வியாட்ரினாவும் சேர்ந்து ஒரு கல்வி நிலையம் நடத்துகின்றன. நமக்கும் கேரளத்துக்கும் நடுவில் இருப்பது அண்ணன் தம்பி வாய்க்கால் தகராறுதான்.

கேரளா ஒரு ரூபாய் கொடுக்குமா?
— வாசகர், கம்பம்

கேட்டால்தானே தெரியும். ஆந்திரா 1997-இல் சட்டம் போட்டு, ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் சந்திக்கிற குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா மூன்றும் துணை நின்றன. வழி ஏற்கெனவே போட்டதுதான். முதலில் நாம் நம் பங்கைப் போட்டுவிட்டுக் கேட்க வேண்டும், வெறுங்கையோடு போய்க் கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மதுரையிலேயே உலகத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே ஒரு பிரிவாக வைத்தால் போதாதா?
— நூலகர், திண்டுக்கல்

போதாது என்பது என் எண்ணம். அவை தமிழுக்கான நிறுவனங்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லையில் தமிழ் மட்டும் இல்லையே, மலையாளம் தெரிந்த பேராசிரியர் வேண்டும், முதுவான் பேச்சும் பளியர் பேச்சும் காதில் ஏறியவர் வேண்டும், தோட்டத் தொழிலாளர் சட்டம் தெரிந்தவர் வேண்டும், வரைபடம் போடத் தெரிந்தவர் வேண்டும். பல துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கிற இடம் பல்கலைக்கழகம்தான். அதோடு நம் பல்கலைக்கழகம் இருப்பதே தேனி ரோட்டில். தேனி மாவட்டம் 1996 வரை மதுரை மாவட்டத்தில்தானே இருந்தது, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இன்றும் பட்டம் வாங்குவது இங்கேதான். இப்போது போடிக்கு ரயிலும் திரும்ப வந்துவிட்டது.

நாங்கள் மதுரைக்குள்ளேயே இருக்கிறோம், வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எல்லை என்றால் மலை மட்டும்தானா? எங்களைச் சேர்ப்பீர்களா?
— இல்லத்தரசி, மஹால் பகுதி, மதுரை

நல்ல கேள்வி அம்மா, நான் எழுதும்போது விட்டுப்போனதை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். மஹாலைச் சுற்றி இருக்கிற தெருக்களில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசுகிற அந்த மொழி வடக்கத்தி மொழிக் குடும்பம், பல நூற்றாண்டாகத் தமிழோடும் தெலுங்கோடும் புழங்கி வேறு ஒரு ருசிக்கு வந்திருக்கிறது. அதன் எழுத்துகள் 2008-இல் கணினிக்கான யூனிகோடு எழுத்துத் தொகுப்பில் ஏறிவிட்டன, ஆனால் வீட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு அதை எழுதிப் பார்க்கத் தெரியும்? உங்கள் தெருவும் எல்லைதான். கட்டாயம் சேர வேண்டும்.

பழைய பதிவுகள் எல்லாம் இனி செல்போனிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாமே, இதற்கு எதற்கு நிறுவனம்?
— இளைஞர், திருமங்கலம்

தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1994-இல் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கே ஊர் ஊராகப் போய் நாற்று நடவுப் பாட்டு, ஒப்பாரி, தோட்ட வேலைக்குப் போனவர்கள் பாடின பாட்டு என்று 14 கேசட் பதிவு பண்ணினேன். பாடின அம்மாமார்களின் பெயர், ஊர், வயது எல்லாம் நோட்டில் எழுதி, பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு கல்வி நிறுவனத்தில் கொடுத்தேன். பதினைந்து வருடம் கழித்துப் போனால் அந்த பீரோ வராந்தாவில் நிற்கிறது, மேலே மழைச்சாரல். உள்ளே நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போய், வெள்ளையாகப் பூஞ்சை. நோட்டைக் காணவில்லை. ஒரு கேசட்டை மட்டும் தெரிந்த ஒலிப்பதிவாளரிடம் கொடுத்து நாள் கணக்கில் மெனக்கெட்டு எடுத்தோம், அதில் பதினோரு நிமிடம் தேறியது. பாடின பாட்டி இப்போது இல்லை.

யாரையும் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை, அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூடச் சம்பளத்துக்கு இல்லை, அவ்வளவுதான். செல்போன் பதிவும் அப்படித்தான் தம்பி. போன் மாறும், மெமரி கார்டு போகும், யார் பாடினது எந்த ஊர் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புது டிஸ்க்குக்கு மாற்றி, ஒரு பிரதி இங்கேயும் ஒரு பிரதி வேறு ஊரிலும் வைக்க ஆளும் பணமும் வேண்டும். நிரந்தரப் பணியிடம் என்று நான் மேலே கரடியாகக் கத்தியது இதற்காகத்தான்.

நான் பதினெட்டு வருசமா ஏலத்தோட்டத்துக்குப் போறவ. எங்க அம்மாவுக்கு நிறைய பாட்டு தெரியும். நீங்க சொல்றது எல்லாம் வந்தா படிச்சவங்களுக்கு வேலை கிடைக்கும், சரி. எங்களுக்கு என்ன கிடைக்கும்?
— தோட்டத் தொழிலாளி, தேவாரம்

அக்கா, வந்த கடிதங்களில் இதைத்தான் அதிக தடவை படித்தேன்.

முதலில், பாட்டு உங்கள் அம்மாவுடையது. பதிவு பண்ணினால் ஒரு பிரதி அவர் கையில் வர வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் யாரும் எங்கேயும் போடக் கூடாது, பாடிய நேரத்துக்குக் கூலி தர வேண்டும். இதை நிறுவனத்தின் விதிகளிலேயே எழுத வேண்டும் என்று கேட்பேன். இரண்டாவது, பழங்குடி, பட்டியல் சாதி அட்டவணை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி என்பதால் மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் சான்றிதழ் வாங்க எவ்வளவு அலைச்சல் என்று உங்களுக்குத் தெரியும். எந்தக் குடி எப்போது எங்கிருந்து எங்கே போனது என்று முறையாக எழுதிய ஆய்வு இருந்தால் தாசில்தார் மேசையில் வைத்துக் காட்ட ஒரு தாள் இருக்கும். மூணாறிலும் வண்டிப்பெரியாறிலும் தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கு அவர்கள் பார்க்கிற மலையும் தோட்டமும் வருகிற பாடப் புத்தகம் எழுதலாம். கூலி உயரும், ஜீப் பாதுகாப்பாக ஓடும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், அது வேறு போராட்டம்.

நிறுவனம் வரும்போது வரட்டும். அம்மாவின் பாட்டு அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். என்னிடம் நல்ல ரெக்கார்டர் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு லீவு இருக்கிற ஞாயிற்றுக்கிழமை எது, அம்மாவுக்கு எந்த நேரம் சிரமம் இல்லை என்று ஒரு கார்டு போடுங்கள், காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.